ஆழமானிக்கு வைத்த பொட்டு

கடற்கரைக் கொட்டகையில் நாளை கண்காட்சி. பழைய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பித்தளைக் கருவிகளை நானும் ரொசாலியும் ஒரு வாரமாகப் புளி போட்டுத் துலக்குகிறோம்.

கப்பல் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று காட்டும் ஆழமானி இன்று பொன்னாக மின்னியது. வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? காலையில் கோயிலில் வாங்கி மடித்து வைத்திருந்த குங்குமத்தை எடுத்து மூன்று பொட்டு வைத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் வந்தார்.

"இதென்ன கோயிலா? யாரு வச்சது? வச்சவ நாளைக்கு வேலைக்கு வர வேணாம்!"

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். இதுதான் என் முதல் வேலை.

"நான்தான் முசே வச்சேன்" என்றாள் ரொசாலி. மேற்பார்வையாளரை அவள் 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சு வழக்கில் 'முசே' என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் அவளுடைய கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். பிறகு சிவந்திருந்த என் விரலைப் பார்த்தார்.

"ஏம்மா, மாதா கோயில்ல இப்பல்லாம் குங்குமமா குடுக்கிறாங்க?"

சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார்.

"தொடச்சிடுங்க. ரெண்டு பேரும் காலையில சீக்கிரம் வந்து சேருங்க."

வெளியே வந்ததும் ரொசாலி என் முதுகில் ஒன்று வைத்தாள். "உன்னால ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னாடி நான் சாமியார்கிட்ட பொய் சொன்னேன்னு பாவசங்கீர்த்தனம் பண்ணணும்டி!"

எனக்காகச் சொன்ன பொய் அது. பாதிப் பாவத்தையாவது நான் வாங்கிக்கொள்ள வழியுண்டா? கோயிலுக்குப் போகிறவர்கள், எந்தக் கோயிலானாலும் சரி, சொல்லுங்கள்.