முனகும் நாற்காலி

லண்டன் அருங்காட்சியகத்தில் கயிறு கட்டித் தடுத்திருந்த பழைய சீன நாற்காலி, யாரும் தொடாமலே முனகியது. "ஹீட்டிங் போட்டிருக்காங்கல்ல, மரம் காயுதும்மா," என்றாள் மகள்.

பினாங்கில் எங்கள் வீட்டிலும் இப்படியொன்று இருந்தது. ஓர் ஆணி கிடையாது. மரத்துக்குள் மரத்தைச் செருகிச் செய்தது. அதன் முதுகுப் பலகை அப்பாவுக்கென்றே வளைந்தது போலிருக்கும். மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகிக்கொள்ளும், சத்தமே வராது. வெயில் நாட்களில் அவர் அசைந்தாலே முனகும். மத்தியானத் தூக்கம் கலைந்து அவர் நிமிர்வது அடுப்படிவரை கேட்கும். "அப்பா எழுந்துட்டாரு, காப்பி கொண்டு போ," என்பார் அம்மா.

அப்பா இறந்த பிறகு வந்த வெயில் காலத்தில், ஒரு மத்தியானம், ஆளில்லாத நாற்காலி தானாகவே முனகியது.

"அப்பா எழுந்துட்டாரு," என்று அம்மா காப்பியைக் கலந்து என் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் கோப்பையைத் திரும்ப வாங்கவில்லை.

"பரவால்ல, கொண்டு போ," என்றார்.

கொண்டு போனேன். ஆறும்வரை அந்த நாற்காலியின் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போலாமாம்மா?" என்கிறாள் மகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு நிற்கிறேன்.