பூண்டுப் பாத்திக்குள் விழுந்த எக்ஸ்டர்னல்

ஸ்வெட்டரில் ஏறிய பூண்டுப் புகை வாசம்... கிராபிக்ஸ் லேப் என்றதும் எனக்கு முதலில் வருவது அதுதான்.

கொடைக்கானல் மலையில், எங்கள் பள்ளங்கி கிராமத்து வீட்டில் பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுவோம். பக்கத்துக் கொடியில்தான் என் ஸ்வெட்டரும் கிடக்கும். கோயம்புத்தூர் காலேஜின் ஏசி லேபுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நுழைந்தால், ப்ராஜெக்ட்டில் என் ஜோடி முத்துலட்சுமி மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

"கொடைக்கானல்காரிக்கே குளிருதாக்கும்?"

"எங்க ஊருக் குளிரு வேறடி. அங்க நடுவுல வெயிலு வருமுல்ல."

அவள் சாயல்குடிக்காரி. வாய் நீளம்... கம்ப்யூட்டரில் கோடு எழுதுவதில் கை அதைவிட வேகம்.

நாங்கள் படித்தது கேம் புரோகிராமிங். அப்பா ஊரில் யாரிடமும் அதை முழுசாகச் சொன்னதில்லை. "கம்ப்யூட்டர் படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். வெளயாட்டுப் படிப்புக்கா இம்புட்டுச் செலவு என்று எவனாவது கேட்டுவிடுவானாம்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டாக எங்கள் தோட்டத்தையே செய்தேன். ஓடையில் தொடங்கி, படிப்படியாக இருக்கும் பூண்டுப் பாத்திகளைக் கடந்து, மேகம் இறங்குவதற்குள் மேல்ரோட்டில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது.

தூரத்து மலையை வரைய மெஷினுக்குத் தெம்பில்லை என்றால் பனியைப் போட்டு மூடிவிடுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். எனக்கு அது தந்திரமாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் தினமும் நடப்பதுதானே...

ஒவ்வொரு பூண்டுச் செடியையும் தனித்தனியாக நட்டிருந்தேன். மெஷின் திக்கித் திணறியது.

"ரெண்டு பாத்தியக் கொறடி, மெஷின் அழுவுது," என்பாள் முத்துலட்சுமி.

"எங்கப்பா நட்டத நா எப்படிடி புடுங்குறது?"

தலையில் அடித்துக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்து வேறு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள். அப்படி ஒரு சிநேகிதி.

இதற்கிடையில் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனி என்னை எடுத்திருந்தது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் ஒரே பிள்ளை. "நம்மூரு பக்கம் நாயுடுபுரத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல ஆளு கேக்குறாங்களாம்," என்று மட்டும் போனில் அடிக்கடி சொல்வார். எனக்குப் புரியாமல் இல்லை. வைவா பரீட்சை நாளும் வந்தது. முடிந்ததும் என் பெட்டி மேலே பள்ளங்கிக்குப் போகிறதா, பெங்களூருக்கா என்பது அன்றைக்கு வரை முடிவாகவில்லை. பெட்டியைத் தூக்க அப்பா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் உட்கார்ந்தார். ஓடையைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு வரப்பை விட்டுவிட்டுப் பாத்திக்கு நடுவில் நேராக நடந்தார்...

ஆட்டத்தில் இருந்த ஆள் தரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். ஸ்கிரீன் முழுக்க வெறும் நீலம்.

விஷயம் இதுதான். கேமில் கண்ணுக்குத் தெரியும் தரை வேறு, காலைத் தாங்கும் தரை வேறு. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வரப்புக்கெல்லாம் அதைச் செய்த நான், பாத்திக்குச் செய்யவேயில்லை. மாதக்கணக்கில் டெஸ்ட் பண்ணியும் ஒரு தடவைகூட நான் பாத்தியில் கால் வைக்கவில்லை. முத்துலட்சுமியையும் வைக்க விட்டதில்லை.

"ஏம்மா, இங்க தரையக் காணோம்?"

"அங்க யாரும் நடக்க மாட்டாங்க சார்."

"யார் சொன்னது?"

வாசலில் இருந்து அப்பா சொன்னார். "பாத்தியில காலு வைக்கக் கூடாதுங்க. மொள மிதிபட்டுரும்."

லேபே சிரித்தது. எக்ஸாமினரும் சிரித்துவிட்டு எழுந்து, அப்பாவை உட்காரச் சொன்னார்.

அப்பா ஒற்றை விரலால் அம்புக்குறிகளை அமுக்கினார். வரப்பிலேயே போனார். திருப்பத்தில் வலப்பக்கம் ஒதுங்கினார், அங்கே இடப்பக்கம் கல்லுக்கட்டு சரிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். மேகம் இறங்கி, பஸ் போய்விட்டது. அவர் கவலைப்படவில்லை. நடந்துகொண்டே இருந்தார்.

"விளையாடறவன் எங்க வேணாலும் நடப்பான்மா. அதையும் யோசிக்கணும்," என்று எக்ஸாமினர் மார்க்கைக் குறைத்தார். அவர் சொன்னது நியாயம்தான். பாஸ் போட்டுவிட்டார்.

கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்பா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"ஊர விட்டுப் போனா எல்லாத்தையும் மறந்துருவன்னு நெனச்சேன். சரிஞ்ச கல்லக்கூட வச்சிருக்க... போ. நெலத்த நான் பாத்துக்கிறேன்."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த முத்துலட்சுமி என் ஸ்வெட்டரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கழுதை.

இன்றைக்குப் பெங்களூர் ஆபீஸில் என் டேபிளில் இருக்கும் மெஷின் ஒரு காட்டையே இலை இலையாக வரையும். யாரும் எதையும் குறைக்கச் சொல்வதில்லை. முத்துலட்சுமி கனடாவில். பிறந்தநாளுக்கு வாட்ஸப்பில் ஒரு கேக் படம் வரும். அந்தத் திக்கித் திணறும் மெஷினுக்கு முன்னால், ஒரு பக்கம் அவள் திட்டத் திட்ட, இன்னும் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தால் போதும் என்று இருக்கிறது.

போன வாரம் அப்பா போன் செய்தார். முழங்கால் வலியாம். சுற்றுலாக்காரர்களுக்கு டென்ட் போடுகிற ஒருவருக்குத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். பாத்தியெல்லாம் மட்டமாக்கிப் புல் போட்டுவிட்டார்களாம்.

"நல்லதுதானப்பா. இனிமே ரெஸ்ட் எடுங்க," என்றேன்.



"இல்லம்மா... உங்கிட்ட நான் பாத்துக்கிறேன்னு சொல்லித்தான அனுப்பிச்சேன். முடியல."

அன்றைக்குப் போகக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். இதற்கு, "திருப்பத்துல அந்தக் கல்லுக்கட்டாவது இருக்காப்பா?" என்றுதான் கேட்டேன்.