செவலைப் பசுவின் பெயரில்

அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது எங்கள் வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தான். என் தம்பிதான். மாப்பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தான்.

எழுபதுகளின் நடுவில், எருத்தேன்பதிப் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். மகளை இந்த வீட்டுக்கே மருமகளாகக் கொடுத்துவிட்டால் பிறந்த வீட்டு உறவு விட்டுப்போகாது என்பது அவள் ஆசை. குழந்தையைப் பார்க்க வந்தவர்களும், "மாமன் மகன் இருக்கறான், உனக்கென்ன கவலை" என்று அதற்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது வாரம் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனது, பாலும் போனது. அப்பா சைக்கிளில் சித்தூர் போய், படகு மாதிரி ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ரப்பரும் வாங்கி வந்தார். செவலைப் பசுவின் பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்தார்கள். குழந்தை ரப்பரை நாக்கால் வெளியே தள்ளியது. உள்ளே போன கொஞ்சமும் வயிற்றில் தங்காமல் போய்க்கொண்டே இருந்தது. நாலே நாளில் தொடைச் சதை வற்றி, அழக்கூட வலுவில்லாமல் முனக ஆரம்பித்தது. எனக்கே பயமாக இருந்தது.

அம்மா கையை நீட்டிக் குழந்தையைக் கேட்டாள். அத்தை அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வேண்டாமுங்க நங்கை. உங்ககிட்டப் பால் குடிச்சுட்டா இவ உங்க பையனுக்குத் தங்கச்சி ஆயிருவாளுங்க. அப்பறம் இந்த ஊட்டுக்கு நான் எந்த மொறைல வாரது?"

ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறப்பு என்று எங்களவர்களில் ஒரு பிடிவாதம் உண்டு. அம்மா வாதாடவில்லை. பாட்டிலை வெந்நீரில் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி எடுத்துப் போனாள்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். அம்மா சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தன் பாலை டம்ளரில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மாராப்பைச் சரிசெய்து, என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"ஆரு கேட்டாலும் செவலைப் பாலுன்னு சொல்லோணும். தெரிஞ்சுதா?"

அந்தப் பாலைக் குழந்தை முதலில் துப்பியது, பிறகு சப்புக்கொட்டியது, சாயங்காலத்துக்குள் பாட்டிலைக் காலி செய்தது. பத்தே நாளில் கன்னம் தெரிந்தது. செவலைக்கு ஏக மரியாதை. அப்பா அதற்குப் பருத்திக்கொட்டையைக் கூடுதலாக அரைத்து வைத்தார். அதுவும் கூசாமல் தின்றது.

தம்பியின் பாடுதான் திண்டாட்டம். இருவருக்கும் பால் போதாமல், அவனுக்கு அம்மா ராகியை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிக் கூழ் காய்ச்ச ஆரம்பித்தாள். ஊட்டுவது என் வேலை. பாதியை என் பாவாடையில் துப்புவான். பச்சைப் பிள்ளைக்கு இதற்குள் என்ன கூழ் என்று அப்பா சத்தம் போட்டார். அம்மா வாங்கிக்கட்டிக்கொண்டாள். என் தம்பியின் பங்கைத் திருடிக் கொடுக்கிறாள் என்று எனக்கும் அவள்மேல் கோபம்தான். சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட ஒரே காரணத்தால் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் செவலை உதைத்துப் பால் மொத்தமும் கொட்டிவிட்டது. காலிச் சொம்போடு அப்பா உள்ளே போனதை அத்தை பார்த்தாள். சற்று நேரத்தில் பாட்டில் நிறையப் பாலோடு அம்மா வந்தாள். அத்தை பாட்டிலைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு வாங்கி அதன் வாயில் வைத்தாள். அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் நிம்மதியானேன்.

குழந்தைக்கும் ராகிக் கூழ் பழகிய பிறகு, ஐந்தாம் மாதம் அத்தை புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். வழியனுப்ப அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று யாரோ கிண்டல் செய்தார்கள். அத்தை குனிந்து, தரையில் தவழ்ந்துகொண்டிருந்த தம்பியின் கையில் குழந்தையின் கையை வைத்தாள்.

"அண்ணங்கிட்டப் போயிட்டு வாரேன்னு சொல்லு, சாமி."

"அண்ணன் இல்லீங்க அத்தை, மச்சான்" என்று நான் திருத்தினேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைக்கு எவ்வளவு சுருக்காக முறை தெரிகிறது என்று மெச்சினார்கள். அத்தை சிரிக்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிய மனுஷிக்கே முறை தெரியவில்லை என்று ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மகள் பிழைத்தால் போதுமென்று, தன் ஆசையை அத்தை அந்த வாசலிலேயே விட்டுவிட்டுப் போனது எனக்குத் தெரியவில்லை.