மச்சான் பிடித்த கயிறு

போன மாதம் பக்கத்து வீட்டு ஜெனிபரின் கல்லூரிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வங்கிக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற டீச்சரின் பென்ஷனுக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டென்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவரிடமிருந்து சங்குச் சதை அழுகும் நாற்றம் வந்தது. ஜெனிபர் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அது பிறந்த வீட்டு நாற்றம். கவுண்டரில் இருந்த பெண் எதையோ கேட்க, அவர் முகத்தைத் திருப்பி இடது காதைக் கண்ணாடிக்கருகே கொண்டுபோனார். "சத்தமாச் சொல்லும்மா, இந்தக் காதுதான் கேக்கும்" என்றார். என் சூசை அண்ணனும் அப்படித்தான் தலையைத் திருப்புவான். உட்கார இடம் தேடினேன்.

சூசை அண்ணன் சங்கு குளிக்கிறவன். குளிப்பது என்றால் கடலுக்கடியில் முங்கிச் சங்கு எடுப்பது. அம்மாவும் அப்பாவும் போனபின் என்னை வளர்த்தது அவனும் ரோசம்மா மதினியும்தான். உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். மாதா கோயில் சாமியார் எங்கெங்கோ எழுதிப்போட்டு, பாளையங்கோட்டைப் பெண்கள் கல்லூரியில் எனக்கு இண்டர்மீடியட் படிக்க இடமும், சம்பளத்தில் பாதிச் சலுகையும் வாங்கிவிட்டார். அப்போதெல்லாம் கல்லூரிக் கட்டணத்தைச் சம்பளம் என்றுதான் சொல்வோம். மீதிப் பாதியைக் கல்லூரி திறப்பதற்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. வைகாசியில் சோழகம் என்கிற தென்காற்று ஏறிவிட்டால் குளியும் நின்றுவிடும். அதற்குப் பிறகு பணத்துக்கு எங்கே போவது?

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். அன்றன்றைய குளி முடிந்தபின் எனக்கென்று ஒரு முங்கு அதிகம். அதில் வரும் சங்கில் பங்கு வேண்டாமென்று வள்ளத்துக்காரர் சொல்லிவிட்டார். மற்றவர்களும் முகம் கோணாமல் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். எனக்குக் கிடைத்த உதவித்தொகை என்று பார்த்தால் இதுதான். அலுத்த உடம்போடு இறங்கும் கடைசி முங்குதான் ஆளைக் கொல்லும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இங்கே கயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளியாள் இடுப்பில் கயிற்றோடு, கல்லில் காலை ஊன்றி இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடிப்பார். கீழிருந்து சுண்டினால் இழுத்துத் தூக்க வேண்டும். சுண்ட மறந்தாலும், ஆளின் மூச்சுக் கணக்குத் தெரிந்து தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பது வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்கிற நம்பிக்கை. எங்கள் அண்ணனுக்குக் கயிறு பிடித்தவர் மதினியின் அண்ணன் மிக்கேல்.

அந்தச் சித்திரை முழுக்க நான் பயத்திலேயே இருந்தேன். மத்தியானம் கடற்காற்றோடு வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை வந்துவிடும். எங்கள் வள்ளம் மட்டும் வராது. மற்றப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சுடுமணலில் நானும் மாசமாக இருந்த மதினியும் நிற்போம். எங்கள் வள்ளத்தின் பாய் தெரியும்வரை நகர மாட்டோம். படித்துக் கிழிக்கப் போகிறவள் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். ஒருநாள் மதினி கடலைப் பார்த்தபடியே, "படிக்கப் போறவ கரையில நிக்கா. அவுக எங்கன கெடக்காவளோ" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் வள்ளம் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தது. பாய்க்குக் கீழே அண்ணன் தலை தெரியவில்லை. மதினி தண்ணீருக்குள் ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன். வள்ளத்துக்குள் அண்ணனைப் படுக்க வைத்திருந்தார்கள். மூக்கிலும் வலது காதிலும் ரத்தம். உயிர் இருந்தது. மிக்கேல் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி முங்குக்குக் கயிற்றைத் தொட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். அண்ணனோ வேறொரு ஆளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறான். அந்த ஆளுக்கு அண்ணனின் மூச்சுக் கணக்குத் தெரியவில்லை, தூக்கப் பிந்திவிட்டது.

விளக்கேற்றும் நேரம் மதினி அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நாந்தாம்ளா கயித்தத் தொடாதன்னு அண்ணங்கிட்டச் சொன்னேன். மச்சான் தொடலன்னா எவனாவது முங்குவானா? கரைக்கு வந்துருவாவன்னுல்லா நெனச்சேன். இவுக முங்கிட்டாவளே!"

எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பேன். எங்கள் கரையில் யாரும் அதைத்தான் நம்புவார்கள்.

"நான் காலேஜுக்குப் போவல மதினி" என்றேன்.

அவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "போவலன்னா அவுக காது எதுக்குப் போச்சி? சொல்லுளா, எதுக்குப் போச்சி?"



இரண்டொரு நாளில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். மிக்கேல் வாசலோடு நின்றார், உள்ளே வரவில்லை. இளைப்பு வந்து, குளியை விட்டு எத்தனையோ வருஷமானவர்.

"மாப்ள, நாளைக்கி நான் முங்குதேன். நீரு கயிறு பிடியும்."

"இளைப்ப வச்சிக்கிட்டா? வேண்டாம் மச்சான்."

"கயிறு பிடிக்கக் காது எதுக்கு? கை இருக்குல்லா, பிடியும்."

மறுநாள் வள்ளம் போனது. மத்தியானம் நானும் மதினியும் அதே இடத்தில் நின்றோம். இப்போது கடலுக்குள் அவள் அண்ணன். கயிறு என் அண்ணன் கையில், அதுவும் என் சம்பளத்துக்காக. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணன் மனதில் ஒரு துளி வன்மம் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நினைத்ததற்காக உடனே சிலுவை போட்டுக்கொண்டேன். அவளும் அதையே நினைத்தாளோ என்னவோ, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பாய் தெரிந்தது. மிக்கேல் எழுந்து நின்று கையசைத்தார். அப்புறமும் அவள் கையை எடுக்கவில்லை.

"உங்கண்ணன் கை நல்ல கைளா" என்றாள். அத்தனை நாளைக்குப் பிறகு எனக்கென்று அவள் சொன்ன நல்ல வார்த்தை.

சோழகம் ஏறுமுன் சம்பளம் சேர்ந்துவிட்டது. கல்லூரியில் என் பின்னால் இருப்பவள் விளையாட்டாகத் தாவணி முனையைச் சுண்டினால்கூட அலறிக்கொண்டு எழுந்துவிடுவேன். பேய்க்கோளாறு உள்ள பிள்ளை என்று பெயர் வாங்கினேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுக்க ஆள் வராது. அதுவும் ஒரு சௌகரியம்தான், காற்றோட்டமாக இருந்தது.

வங்கி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன முறை வேணும்?" என்றார். பக்கத்து வீடு என்றேன். "சும்மா ஒரு கையெழுத்துதான், பயப்படாதீங்க டீச்சர்" என்று பேனாவை நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது சங்கு குளிக்கப் போகிறவர்கள் வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே ஓடும் எஞ்சினுக்குக் கூலிக்கு ஓர் ஆள் காவல் இருக்கிறான். அவன் யாருக்கும் மச்சானாக இருக்க வேண்டியதில்லை. நானும் மதினியும் நின்ற மணலில் மதில் எழும்பிவிட்டது. அண்ணன், மதினி, மிக்கேல் மூவரும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள்.

ஜெனிபரின் கல்லூரிப் பேருந்து சாயங்காலம் தெருமுனைக்கு வரும். கொஞ்சம் பிந்தினாலும் வாசலுக்கு வந்து நிற்கிறேன். "எதுக்கு டீச்சர் இப்படிப் பயப்படுதீங்க? போன் பண்ண மாட்டேனா?" என்று சிரிக்கிறாள் அவள். சிரிக்கட்டும். தெருவில் எட்டிப் பார்க்கிறேன். என்னோடு அப்படி நிற்பதற்கு இப்போது வேறு யாரும் இல்லை.