பாலம்மாள் வேனை எடைக்குப் போட்ட நாள்

பாலம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டியில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, பதினாறு வயதிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். திரி வெட்டியிருக்கிறார், பெட்டி ஒட்டியிருக்கிறார், பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து செலுத்தியிருக்கிறார். முப்பது வருஷத்தில் இரண்டு வெடி விபத்துகளை நூறடி தூரத்தில் நின்று பார்த்தவர். அவரிடம் கொஞ்ச நேரம் பேசினாலே அவருடைய நிதானம் புரிந்துவிடும். சோற்றுப் பானை சரிந்தால்கூட மற்றவர்கள் கத்துவார்கள், அவர் துணியை எடுத்து வருவார். "மருந்து ரூம்ல பதறுனவ வீடு வந்து சேந்ததில்ல" என்பார்.

அவர் கணவர் முனியராஜ், கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் ஆம்னி வேன் ஓட்டினார். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் நீளமாகப் பலகை போட்டிருந்தார். காலையில் பதினோரு பெண்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து போவார்கள். பாலம்மாளும் அவர்களில் ஒருவர். இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், டீக்கடை பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த முனியராஜ் எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின நாள் வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்திய வேன் அப்படியே நின்றுபோனது.

டயர்கள் நான்கும் காற்றிறங்கித் தரையோடு அப்பின. மழை இரண்டு பருவம் அதன் மேல் பெய்தது. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பாலம்மாள் அதை விற்க மனம் வராமல் இருந்தார். இந்தப் புரட்டாசியில் வேனுக்கு அடியிலிருந்து ஒரு சாரை வெளியே வந்ததைப் பார்த்த பிறகு, விருதுநகரில் நர்சிங் படிக்கும் மகள் கற்பகவல்லி பிடிவாதமாக நின்றாள்.

"அம்மா, இது வண்டியில்ல, பாம்புப் புத்து. எடைக்குப் போட்டுருவோம். நான் லீவு முடிஞ்சு போறதுக்குள்ள முடிச்சிரணும்."

சிவகாசிக்கு வெளியே பழைய வண்டிகளை உடைக்கும் யார்டு வைத்திருக்கும் பெத்தணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மினி லாரியோடு வந்தார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், இன்ஜின் நம்பரைச் சரிபார்த்தார், வேனுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்தார். பலகைக்கு அடியில் தகரம் அடித்து மூடியிருந்ததைத் தட்டினார்.

"இதுல என்னக்கா வச்சிருக்கீக?"

"ஸ்பேனர், ஜாக்கின்னு அவுக சாமான் கிடக்கும். எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் கொண்டுபோயிருங்க."

வேனுக்குச் சங்கிலி மாட்டி, பலகைச் சரிவில் இழுத்து ஏற்றினார்கள். துருப்பிடித்த அடிப்பாகம் கிறீச்சிட்டது. லாரி தெருமுக்கு திரும்பும்வரை பாலம்மாள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வேன் நின்ற இடத்தைப் பெருக்கி விடலாம் என்று விளக்குமாற்றை எடுத்து வந்தார்.

சருகு, எலிப் புழுக்கை, துருச் செதில். அதற்கு நடுவில் ஒரு கோடு. வேனை இழுத்த திசையிலேயே, சாம்பல் நிறத்தில், கைவிரல் அகலத்துக்கு நீளமாக விழுந்திருந்தது. வெயில் பட்ட இடத்தில் அது வெள்ளியாக மினுங்கியது.

பாலம்மாள் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு. கலந்த வெடிமருந்து. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. முப்பது வருஷமாக அவருடைய நகக்கண்ணில் இருந்தது அதுதான்.

விளக்குமாறு கையிலிருந்து விழுந்ததை மகள்தான் பார்த்தாள்.

"என்னம்மா?"

"பெத்தணனுக்குப் போனைப் போடு."

மூன்று தடவை அடித்தும் அவர் எடுக்கவில்லை. யார்டுக்குப் போனதும் கேஸ் கட்டர் வைத்து வேனை இரண்டாக வெட்டுவார்கள் என்று அவரே போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். உலர்ந்த மருந்துக்கே ஒரு பொறி போதும். ஈரம் பட்டுக் காய்ந்த மருந்தோ அடங்காத மாடு, எப்போது முட்டும் என்று யாருக்கும் தெரியாது.

"வல்லி, ஸ்கூட்டிய எடு."

"எதுக்குன்னு சொல்லும்மா."

"ஓட்டு தாயி, ஓட்டு."

பாதி வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கேட்டில் நின்றபோதுதான் பாலம்மாளுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. முனியராஜின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒருத்தன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "அண்ணன் நமக்கு ரொம்ப வேண்டியவரு. வேனை எனக்குக் குடுத்திருங்க, கேக்குற விலை தாரேன்" என்றான். அவர் கொடுக்க மறுத்தார். அடுத்த வாரமும் வந்தான். மூன்றாம் முறை, "வேன் வேண்டாம், உள்ள இருக்க சாமானையாவது எடுத்துக்கிடுதேன்" என்றான். புருஷன் தொட்ட ஸ்பேனரைக்கூட விட மனமில்லாமல் அவனைத் திட்டி அனுப்பினார். செத்தவர் மேல் இவ்வளவு பாசம் வைத்திருந்த சிநேகிதனை இப்படிப் பேசிவிட்டோமே என்று பிற்பாடு வருத்தப்பட்டும் இருக்கிறார்.

"அவன் அதுக்குத்தான் வந்திருக்கான்" என்றார் சத்தமாக. கற்பகவல்லிக்கு எதுவும் புரியவில்லை.

யார்டு வாசலில் ஸ்கூட்டி நிற்பதற்கு முன்பே பாலம்மாள் குதித்துவிட்டார். வேன் ஏற்கெனவே லாரியிலிருந்து இறங்கி நடுவில் கிடந்தது. கட்டர் வேலை பார்க்கும் சங்கிலிமுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முன்பக்க அச்சில் கட்டர் தீயைப் பிடித்திருந்தார். நீலச் சுவாலையும் பொறியும். பொறிகள் துள்ளித் தரையில் ஓடின. ஓட்டை விழுந்த தகட்டுக்கும் அவற்றுக்கும் இடையில் நாலடிகூட இல்லை.

கத்தினார். கட்டர் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. சங்கிலிமுத்துவின் தோளைப் பிடித்து இழுத்தால் தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பாலம்மாள் சிலிண்டர் நின்ற இடத்துக்கு ஓடி, திருகைப் பிடித்து அடைத்தார். சுவாலை சுருங்கி, 'பட்'டென்று அணைந்தது.

"யாருலே அது?" என்று கண்ணாடியைக் கழற்றினார் சங்கிலிமுத்து. ஒரு பெண் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார். "என்னம்மா, கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

பாலம்மாள் வலது கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெள்ளி. அப்புறம் அதே கையால் வேனைக் காட்டினார்.

சிவகாசிப் பக்கத்து ஆளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சங்கிலிமுத்து கையிலிருந்த கட்டரை மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு பின்பக்கமாகவே நடந்து, காம்பவுண்டுச் சுவரில் முதுகு முட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூத்த அண்ணன் அச்சங்குளத்தில் ஒரு வெடி விபத்தில் போனவர் என்பது பாலம்மாளுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பெத்தணன் முகம் வெளிறி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, போலீசு கீலீசுன்னு போனா உங்க வீட்டுக்காரரு பேரும் கெடும், என் லைசென்சும் போகும். பையப் பைய எடுத்துக் கண்மாயில கொட்டிட்டா முடிஞ்சிது. இங்கன நாலு பேருக்குத்தான் தெரியும்."

பாலம்மாள் யோசிக்காமல் இல்லை. அந்த ஒரு நிமிஷம் யோசித்ததை, பின்னாளில் இதையெல்லாம் சொன்னபோது, அவர் என்னிடம் மறைக்கவும் இல்லை. ஊருக்குள் முனியராஜுக்கு நல்ல பேர். பிரசவ வலி எடுத்தவர்களை எத்தனையோ முறை அதே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர்.

"கண்மாயில ஆடு மேய்க்கிறவுக திரியுதாக" என்றார் கடைசியில். "போனைப் போடுங்க. நீங்க போடாட்டி நான் போடுதேன்."

தீயணைப்பு வண்டியும் போலீசும் வந்தன. யார்டில் இருந்தவர்களை எல்லாம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். மருந்து விவரம் தெரிந்த ஆட்கள் வந்து, இரும்பு உரசாமல் தகரத்தைக் கழற்றி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பலகைக்கு அடியில் ஒன்பது பொட்டலங்கள் இருந்தன. இரண்டை எலி கடித்திருந்தது. அதில் ஒன்றுதான் தரைத் தகட்டு ஓட்டை வழியாகச் சிந்தியிருக்கிறது. ஸ்பேனர், ஜாக்கி எதுவும் உள்ளே இல்லை.

விசாரித்த அதிகாரி வயதானவர். தகரத்தில் இருந்து கழற்றிய ஸ்க்ரூக்களைப் பாலம்மாளிடம் காட்டினார். தலையில் உள்ள வெட்டு தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது.

"இது ஒரு தடவை திறந்து மூடுனது இல்லம்மா. தினப்படி திறந்திருக்காங்க. உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவருக்கு, அப்போதுதான் கம்பெனி வாசல் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் வேலை விட்டதும் கம்பெனி வாசலில் ஆண்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்கள் ஏறிவிட்ட வேனை மட்டும் யாரும் சோதித்ததில்லை, கையைக் காட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்கள்தான் முனியராஜுக்கு மறைப்பு. மருந்து அவர்களுக்கு அடியில் இருந்தது. அவர்கள் அதன் மேல் உட்கார்ந்து, கதை பேசிச் சிரித்து, குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தார்கள். எத்தனை மாதம், எத்தனை வருஷம் என்று சொல்ல முனியராஜ் உயிரோடு இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கற்பகவல்லி ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அழுதாள்.

"அப்பா எனக்காகத்தாம்மா செஞ்சிருப்பாரு. என் படிப்புக்காக."

"உனக்காகன்னு சொல்லாத" என்றார் பாலம்மாள். "நீயும் அந்தப் பலகையில உக்காந்துதான் பள்ளிக்கொடத்துக்குப் போன."

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் செய்த காரியத்தைத்தான் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். பேப்பரில் வரட்டும், போலீஸ் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. தன்னோடு அந்த வேனில் வந்த பத்துப் பெண்களின் வீட்டுக்கும் ஒவ்வொன்றாக நடந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

அய்யம்மாள் முதலில் நம்பவில்லை. "போ மதினி, அண்ணன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு" என்று சிரித்தார். பாலம்மாள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருத்தி பாலம்மாளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பாண்டிச்செல்விதான் தெருவுக்கே வந்துவிட்டாள். முனியராஜ் ஓட்டிய காலத்தில் அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாக அந்தப் பலகையில் போய்வந்தவள்.

"என்னையும் என் பிள்ளையையும் அது மேல உக்கார வச்சா கூட்டிப் போனாரு? 'தாயி, ஓரமா உக்காரு, குலுங்காது'ன்னு இடம் பாத்துக் குடுத்தாரே மதினி! குலுங்காம இருக்கச் சொன்னது யாருக்காக? எனக்காகவா, அதுக்காகவா?"

பாலம்மாள் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார். பாண்டிச்செல்வி கைகளை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. வீடுகளில் திருட்டுத்தனமாக வெடி செய்தவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்த அந்த வெள்ளைச் சட்டைக்காரனைப் பிடித்துவிட்டார்கள். கம்பெனி மருந்து அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் எப்போதோ ஊரை விட்டே போயிருந்தான். பாலம்மாள் மேல் குற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். பெத்தணனே போன் போட்டுத் தகவல் சொன்னதால் அவருடைய யார்டுக்கும் தொந்தரவு வரவில்லை. ஆனால் கம்பெனியில் பாலம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வேறொரு கம்பெனியில் பெட்டி ஒட்டும் பிரிவில் இருக்கிறார். மருந்துப் பக்கம் போக அவருக்கும் மனமில்லை.

முனியராஜைப் பற்றிக் கேட்டால் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. "நல்ல மனுசன்தான்" என்பார். சற்று நேரம் கழித்து, "எனக்கு அவுகளத் தெரியலயேன்னுதான் இருக்கு" என்பார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லும் வார்த்தை அது.

பாண்டிச்செல்வி ஆறு மாதம் பேசாமல் இருந்தாள். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள், எங்கள் வேன் உங்கள் புதுக் கம்பெனி வழியாகத்தான் போகிறது, இடமிருக்கிறது, வருகிறீர்களா என்று ஆள் அனுப்பிக் கேட்டாள். பாலம்மாள் போய் நின்றபோது, வேன் கிளம்பாமல் பெண்கள் கீழேயே நின்றிருந்தார்கள். புது டிரைவர் சலிப்போடு சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிச் சீட்டு" என்றாள் பாண்டிச்செல்வி.

"நேத்தும் பாத்தீக, முந்தாநேத்தும் பாத்தீக. தினமும் இதேதானா?"

"தினமும்தான். தூக்குங்கண்ணே."

டிரைவர் தூக்கினார். பாலம்மாள் முன்னால் போய்க் குனிந்து, கையை விட்டு ஓரம் வரை தடவிப் பார்த்தார். விரல்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தூசி மட்டும்தான் இருந்தது. பிறகு பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.