தேதி இல்லாத தண்டனை

சிறையிலிருந்து வரும் வழக்குக் கட்டுகள் எல்லாம் மான்செஸ்டரில் இருந்த அந்தப் பாரிஸ்டர்கள் அலுவலகத்தில் நேராக ஹெஸ்டர் ஆக்டனின் மேஜைக்குப் போய்விடும். மற்றவர்கள் தொடமாட்டார்கள். கைதிகள் வழக்குக்குக் கொடுத்துவந்த சட்ட உதவியை அரசு பெரும்பாலும் நிறுத்திய பிறகு, தொட்டுக்கொண்டிருந்தவர்களும் நழுவிவிட்டார்கள். ஹெஸ்டர் நழுவவில்லை. ஓல்டமில் பஸ் ஓட்டியவரின் மகள் அவள். தொழிலுக்கு வந்த புதிதில், பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் கைதியைக் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டிருந்ததைப் பார்த்தாள். "எங்களுக்கு வந்த உத்தரவு அப்படி" என்றார் காவலுக்கு நின்றவர். அன்று ஏறிய சூடு அவளுக்கு இன்றுவரை இறங்கவில்லை.

கெல்வின் பிளாட்டின் கட்டு அவளிடம் வந்தபோது அவன் உள்ளே போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இருபது வயதில், குடித்துவிட்டு, கையில் உடைந்த பாட்டிலோடு ஒருவனை மிரட்டி செல்போனைப் பிடுங்கியவன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்போது புதிதாக வந்திருந்த சட்டப்படி நீதிபதி தண்டனை கொடுத்தார்: குறைந்தது இரண்டு வருஷம், அதன் பிறகு இவனால் ஆபத்தில்லை என்று பரோல் குழு நம்பும்வரை. பிறகு அந்தச் சட்டம் தவறு என்று அரசே ஒப்புக்கொண்டு நீக்கிவிட்டது. ஆனால் அதன்படி ஏற்கெனவே உள்ளே போனவர்களை மட்டும் அப்படியே விட்டுவைத்தது.

முதல்முறை அவனைப் பார்க்கப் போனபோது, "அவன் வரமாட்டேங்கறான், மேடம்" என்றார் வார்டர்.

"அவன் சொன்னானா, நீங்க சொல்றீங்களா?"

"லிஸ்ட்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன். அவன் வந்து எங்கிட்ட நேரா சொல்லட்டும்."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் கெல்வின் வந்தான். ஒடிசலான உடம்பு, முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. வக்கீல் வந்திருப்பதே அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"மிஸ், என்னை எப்பத்தான் விடுவாங்க?" என்றான். கைதிகள் பெண் அதிகாரி, பெண் வக்கீல் எல்லாரையும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்கிட்ட என்ன கேக்கறாங்க?"

"கோபத்தை அடக்கற பயிற்சி முடிக்கணுமாம். அது இந்த ஜெயில்ல இல்ல. இருக்கிற ஜெயிலுக்கு மாத்துங்கன்னு கேட்டா, விடுதலைத் தேதி இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல இடமாம். எனக்குத்தான் தேதியே இல்லையே, மிஸ்."

பரோல் விசாரணை சிறைக்குள்ளேயே, பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஒரு அறையில் நடந்தது. குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "பயிற்சியே முடிக்காத ஆளை நாங்க எப்படி நம்பி வெளிய விடறது, மிஸ் ஆக்டன்?"

"ஐயா, தேதி வேணும்னா பயிற்சி முடிக்கணும். பயிற்சி வேணும்னா தேதி இருக்கணும். இதுல எங்கே ஆரம்பிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"அது நிர்வாகப் பிரச்சினை. எங்க கையில இல்ல."

"நிர்வாகத்துக்கு இதுல ஒரு பிரச்சினையும் இல்ல, ஐயா. சாயங்காலமானா வீட்டுக்குப் போறாங்க. இவருக்குத்தான் பிரச்சினை."

விடுதலை மறுக்கப்பட்டது. ஹெஸ்டர் உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். பயிற்சிக்கு வழி செய்யாமல் ஒருவனை இப்படி அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. வெளியே விடும் அதிகாரம் மட்டும் தனக்கு இல்லை என்றார் நீதிபதி. அலுவலகத்தில் எல்லாரும் கை கொடுத்தார்கள்.

குமாஸ்தா டெஸ்மண்ட் மெல்லப் பேச்செடுத்தார். "இந்தத் தீர்ப்பு சூட்டோட ஜட்ஜ் வேலைக்கு ஒரு மனு போட்டுடுங்க, மிஸ். ரத்தக் கொதிப்பாவது குறையும்."

"ஜெயிச்சேன்னு சொல்றீங்களே டெஸ்மண்ட், என் ஆள் எங்கே இருக்கான்? அதே அறையில. அந்த நாற்காலியில உட்கார்ந்து நானும் 'எனக்கு அதிகாரமில்லை'ன்னு சொல்லணுமா?"

டெஸ்மண்ட் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு சிறை நிர்வாகம் அவசர அவசரமாகக் கெல்வினை இடம் மாற்றிப் பயிற்சி கொடுத்தது. அடுத்த குழு நிபந்தனைகளோடு அவனை விட்டது. வாசலில் அவன் அம்மா நோரீன், மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பண்டத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நுரையீரல் கெட்டு, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். "நல்லா இருப்ப, கண்ணு" என்று ஹெஸ்டரின் கன்னத்தைத் தட்டினாள். "இவன் அப்பன் மாதிரி நீயும் எப்பப் பார்த்தாலும் சிடுசிடுன்னு இருக்கே. கொஞ்சம் சாப்பிடு."

அரசு விடுதியில் தங்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை நன்னடத்தை அதிகாரியிடம் ஆஜராக வேண்டும் என்பவை நிபந்தனைகள். கெல்வின் ஒன்றையும் தவறவிடவில்லை. ஆறேழு மாதத்தில் நோரீன் செத்துப்போனாள். அடக்கம் செய்யும் நாளும் ஆஜராகும் நாளும் ஒன்றாக விழுந்தன. அவன் முன்தினமே அதிகாரிக்குப் போன் செய்தான். யாரும் எடுக்காததால், வர முடியாத காரணத்தைச் சொல்லி அந்தப் போனிலேயே குரலைப் பதிவு செய்துவைத்தான்.

ஹெஸ்டரும் அடக்கத்துக்குப் போயிருந்தாள். அது முடிந்து தொழிலாளர் கிளப்பில் சொந்தக்காரர்கள் சாண்ட்விச்சும் டீயுமாக உட்கார்ந்திருந்தபோது, இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே வந்தார்கள்.

"கெல்வின் பிளாட் யாரு?"

ஹெஸ்டர் எழுந்து குறுக்கே போனாள். "எதுக்கு?"

"காலையில ஆஜராகல. பரோல் ரத்து. திரும்ப உள்ள அனுப்பச் சொல்லி உத்தரவு."

"காலையில இவன் அம்மாவைப் புதைச்சுக்கிட்டு இருந்தான். கையில பாருங்க, மண்ணுகூட இன்னும் காயல."

இளைய கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டார். மூத்தவர், "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, மேடம். ஆனா ரத்து பண்ணது நான் இல்லையே" என்றார்.

"யாரும் இல்ல! இந்த நாட்டுல எதையும் பண்ணது யாரும் இல்ல!" ஹெஸ்டர் போட்ட கூச்சலில் கிளப்பே அடங்கிப்போனது. கெல்வின் டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினான்.

அடுத்த பரோல் விசாரணைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் அவனைப் பார்க்கப் போனபோது, "விசாரணைக்கு நான் வரல, மிஸ்" என்றான்.

"பைத்தியமா உனக்கு? நான் ராத்திரி பகலா—"

"விடுவாங்க, திரும்பப் பிடிப்பாங்க. இங்கேயே கிடந்தா பிடிக்க வரமாட்டாங்கல்ல?"

"கெல்வின், அவங்க பண்ணது அக்கிரமம். உனக்குக் கோபம் வரலையா? நான் உன் இடத்துல இருந்தா இந்தச் சுவரை உடைச்சிருப்பேன்!"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க கத்திட்டு வீட்டுக்குப் போயிடலாம், மிஸ். நான் குரல் உசத்தினா 'ஆபத்தானவன்'னு எழுதி வச்சுருவாங்க. அம்மா செத்ததுக்குக்கூட நான் சத்தம் போட்டு அழல."

இத்தனை வருஷம் அவனுக்காகக் கோபப்பட்டவள், தன் கோபம் தனக்குக் கிடைத்த வசதி என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. "நீ வா" என்றாள் கடைசியில், கெஞ்சுகிற குரலில். "பேச வேண்டாம். பக்கத்துல உட்காரு, போதும்."

வந்தான். சாட்சி சொல்ல வந்திருந்த நன்னடத்தை அதிகாரி ஒரு இளம்பெண். ஒரே ஆளாக எண்பது பேரைப் பார்க்கிறவள், தூங்கி எத்தனையோ நாளானதுபோல் இருந்தாள். பதிவு செய்த செய்தி வந்ததா என்று ஹெஸ்டர் கேட்டாள்.

"வந்தது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கேட்டேன்."

"கேட்டதும் ரத்தை வாபஸ் வாங்கச் சொன்னீங்களா?"

"மேல சொன்னேன். அனுப்பினது அனுப்பினதுதான், இனி குழுதான் முடிவு பண்ணணும்னுட்டாங்க."

ஹெஸ்டர் குழுவை நோக்கித் திரும்பினாள். "ஐயா, எல்லாருக்கும் இது தப்புன்னு தெரிஞ்ச பிறகும் இவர் ஒரு வருஷம் உள்ள இருந்திருக்கார். இதுக்கு எந்தப் பயிற்சி இருக்கு? யாரை அதுக்கு அனுப்பறது?"

தலைவர், கெல்வினுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்வான் என்றே ஹெஸ்டர் நினைத்தாள்.

"எனக்குக் கோபமா இருக்கு, ஐயா" என்றான் கெல்வின். "ரொம்பக் கோபமா இருக்கு. யாரையும் அடிக்க மாட்டேன். ஆனா கோபமா இருக்கு. அதையும் எழுதிக்கங்க."

இரண்டு வாரம் கழித்து விடுதலை உத்தரவு வந்தது. இந்த முறை வாசலில் நிற்க ஆள் இல்லை என்று ஹெஸ்டரே காரை எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் கல்லறையில் நிறுத்தலாம் என்றாள். கெல்வின் மடித்து வைத்திருந்த நிபந்தனைத் தாளைப் பார்த்தான்.

"மத்தியானத்துக்குள்ள விடுதியில ஆஜராகணும், மிஸ்."

"அஞ்சு நிமிஷம்டா! உன் அம்மா! நான் பேசிக்கறேன் அவங்ககிட்ட. எவன் என்ன சொல்றான்னு பார்க்கறேன்—"

"வேண்டாம், மிஸ். நேரா போங்க."

ஹெஸ்டர் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். ஹார்ன் அலறியது. சிறை வாசலில் நின்ற வார்டர் திரும்பிப் பார்த்தார். கெல்வின் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

"ஞாயித்துக்கிழமை நான் பஸ்ல போய்க்கறேன்" என்றான்.