மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்தவர்

2013-ம் வருடம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு சேஃப்டி ஷூ விற்கும் சின்ன நிறுவனத்தில் சேல்ஸ் வேலை பார்த்தேன். கேட் கேட்டாகப் போய் செக்யூரிட்டியோடு மல்லுக்கட்டியது போதும் என்று மேனேஜர் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். எல்லா பர்ச்சேஸ் அதிகாரிகளுக்கும் ஒரே நேரத்தில் மெயில் போகும். யார் திறந்தார்கள், எத்தனை முறை திறந்தார்கள் என்பதையும் காட்டிவிடும்.

அது காட்டியதெல்லாம் என் தலையெழுத்தைத்தான். பெரும்பாலானோர் திறக்கவே இல்லை. "மாசக் கடைசிக்குள்ள மெயில்ல இருந்து ஒரு ஆர்டராவது வரணும். இல்லன்னா வேற இடம் பாத்துக்கோம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

ஒரே ஒருவர் மட்டும் என் ஒவ்வொரு மெயிலையும் நான்கைந்து முறை திறந்திருந்தார். மண்ணூர் தாண்டி ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் அதிகாரி. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. சாம்பிள் ஷூவை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் செக்யூரிட்டி என் பையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமா, ஆளே இல்லாத கம்பெனில யாரு காலுக்கு ஷூ? மூடியாச்சுமா. உள்ள அந்த சார் ஒருத்தர்தான் கீறாரு."

மெஷின்களைக் கணக்குப் பார்த்து ஒப்படைப்பதற்காக அவரை மட்டும் வைத்திருந்தார்களாம். ஐம்பது வயதிருக்கும். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"முன்னல்லாம் மெயில் வந்து கொட்டும்மா. இப்ப உன்னுது ஒண்ணுதான் வருது. என் பேரு போட்டு வணக்கம் சொல்ற. அதான் தொறந்து தொறந்து பாத்துகினு இருந்தேன். உன்ன வீணா அலைய வுட்டுட்டேன்."

பெயர் போடுவது நானில்லை, சாஃப்ட்வேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்து ஓடி வந்தவள், வேலை போகப் போகிறவர் முன்னால் ஷூப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டார்கெட்டாமா?" என்றார். தலையாட்டினேன். ஷூவைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தார். தன்னிடம் வேலை பார்த்த ஒருவர் இப்போது ஒரகடத்தில் பர்ச்சேஸ் பார்க்கிறார் என்று சொல்லி, அப்போதே அவருக்கு போன் செய்தார். தனக்கு ஒரு வேலை கேட்டு அந்தப் போனைச் செய்திருக்கலாம். எனக்காகச் செய்தார்.

அந்த வாரமே ஆர்டர் வந்தது. மீட்டிங்கில் மேனேஜர் அதை மெயிலில் வந்த ஆர்டராகவே கணக்கு வைத்து, கிராஃபைக் காட்டி மெயிலின் மகிமையை அளந்தார். மூடிய கம்பெனியின் முகவரியை நீக்கச் சொன்னார். நீக்கினேன். பிறகு நானே பெயர் போட்டு, வணக்கம் சொல்லி, நன்றி எழுதி அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

ஒரகடத்துக்காரரிடம் நம்பர் வாங்கி அழைத்தேன். பெயர் சொல்லி வணக்கம் வைத்தேன். அந்த வணக்கத்திலேயே என்னை அடையாளம் கண்டு, "சொல்லுமா, நல்லா இருக்கியா?" என்றார்.

இன்றும் யாராவது என் மெயிலைப் பலமுறை திறந்ததாக ரிப்போர்ட் காட்டினால், ஆர்டர் வருமா என்று யோசிப்பதற்கு முன், திறந்தவர் நன்றாக இருக்கிறாரா என்றுதான் மனம் கேட்கிறது.